இடையறா இசையும் திருத்த வடிகட்டியும்

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808-இல் வியன்னாவில் அரங்கேறியது. அதன் மூன்றாம் பகுதி முடிந்து நான்காம் பகுதி தொடங்குமிடத்தில் வாத்தியங்கள் ஓய்வதில்லை. அடங்கிய ஒலி படிப்படியாக ஓங்கிப் பெருமுழக்கமாகிறது. குறுந்தட்டிலோ இவ்விரு பகுதிகளும் பெரும்பாலும் தனித்தனித் தடங்கள். நம் கச்சேரிப் பதிவுகள் பலவற்றில் இராகம், தானம், பல்லவி ஆகியவை தனித்தடங்களாக நிற்பதும் இவ்வாறே. தடம் மாறுகையில் தம்பூராவின் சுருதி ஒரு கணம் அறுந்தாலும் காது கண்டுகொள்ளும் அன்றோ? இவ்வறுப்பின் காரணங்கள் இரண்டைக் காண்போம்.

முதலாவது, எம்பி3 கோப்பின் அமைப்பு. குறுந்தட்டு முறையில் ஒரு விநாடி இசை, ஒவ்வொரு பக்கத்துக்கும் 44,100 எண்களாக அளக்கப்படுகிறது. எம்பி3 அவற்றை 1,152 எண்கள் கொண்ட கட்டுகளாகக் கட்டுகிறது. மூன்று நிமிடப் பாட்டில் 79,38,000 எண்கள். 6,890 கட்டுகள் நிரம்பியபின் 720 எஞ்சும். குறையும் 432 இடங்களை மௌனமே நிரப்புகிறது. தொடக்கத்திலும் சிறிது மௌனம் சேர்கிறது. லேம் என்னும் மென்பொருள் இவ்வளவுகளைக் கோப்பின் தலைப்பில் குறித்து வைக்கும். அதைப் படித்து வெட்டுவது பாட்டை ஒலிக்கச் செய்யும் இயக்கியின் கடமை. ஃபிளாக் கோப்பில் இத்தொல்லை இல்லை.

இரண்டாவது, வடிகட்டி. அறையின் சுவர்கள் சில தாழ்ந்த சுரங்களை மிகைப்படுத்துகின்றன. அதைச் சீர்செய்யவே டிஜிட்டல் திருத்த வடிகட்டியை அமைக்கிறோம். அது கெழுக்களின் வரிசையேயாகும். இசையின் ஒவ்வோர் எண்ணும் எல்லாக் கெழுக்களாலும் பெருக்கப்பட்டு, அடுத்தடுத்த கணங்களில் கூட்டப்படுகிறது. ஆகவே ஐந்து எண்கள் மூன்று கெழுக்களைக் கடந்தால் ஏழு எண்கள் வெளிவரும். மிகுந்த இரண்டும் இசையின் வால் எனலாம். 65,536 கெழுக்கள் இருப்பின் வால் ஏறத்தாழ ஒன்றரை விநாடி நீளும்.

தடம் முடிந்ததும் இயக்கி இந்த வாலை எறிந்துவிட்டால் ஒலி முறிகிறது. வால் ஓயும்வரை காத்திருந்தால் இடைவெளி விழுகிறது. இரண்டும் தவறு. அடுத்த தடத்தின் தொடக்கத்தின்மீதே முந்திய வாலைக் கூட்டுவதுதான் முறை. இவ்வடிகட்டி பெருக்கலும் கூட்டலும் மட்டுமே செய்வதால், துண்டுதுண்டாக வடித்துக் கூட்டினும் முழுவதையும் ஒருசேர வடிப்பினும் விடை ஒன்றே. எனவே தட எல்லை வடிகட்டிக்குத் தெரியவே கூடாது. ஓர் ஆற்றைப்போல எண்கள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இதிலிருந்து நடைமுறை விதிகள் சில பிறக்கின்றன. எம்பி3-இன் மௌனத்தை வடிகட்டிக்கு முன்னரே நீக்குக. வடித்தபின் அதன்மேல் வால் படிந்துவிடுவதால், அதை வெட்டினால் இசையும் வெட்டுப்படும். கோப்புகளை முன்கூட்டியே வடித்து வைப்போர், தடங்களை ஒன்றாக இணைத்து, வடித்து, பின்னரே பிரிக்க வேண்டும். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ போன்றவை இயக்கிக்கு அப்பால் நின்று வடிப்பதால், இயக்கி ஓட்டத்தை மூடாதவரை தட மாற்றம் அவற்றைத் தொடாது. விநாடிக்கு 44,100 எண்களுக்கென அமைத்த கெழுக்களை 48,000-க்கு அப்படியே பயன்படுத்தலாகாது. 100 ஹெர்ட்ஸில் செய்ய வேண்டிய திருத்தம் ஏறத்தாழ 109-இல் விழும். இரு வேகத் தடங்கள் கலந்திருப்பின், அனைத்தையும் முதலில் ஒரே வேகத்துக்கு மாற்றிக்கொள்க.

நண்பர்கள் தம் கருவியைச் சோதிக்க எளிய வழி உண்டு. தம்பூரா ஒலிப்பதிவொன்றை நடுவில் இரண்டாக வெட்டி, வடிகட்டியின் வழியே தொடர்ந்து ஒலிக்கவிடுங்கள். வெட்டிய இடத்தைக் காதால் கண்டுபிடிக்க இயலாவிடில், உங்கள் அமைப்பு செம்மையானதே.