எந்தப் பள்ளிக்கு முதலில் புதிய கட்டடம்? மாவட்டங்களில் முன்னுரிமைப் பட்டியல் தயாராவது எப்படி?

புது தில்லி: ராஜஸ்தான் மாநிலம், ஜாலாவார் மாவட்டத்தில் உள்ள பிப்லோடி கிராமத்தில் 2025 ஜூலை 25-ஆம் தேதி காலை அரசுப் பள்ளிக் கட்டடத்தின் மேற்கூரை இடிந்து விழுந்ததில் 7 குழந்தைகள் உயிரிழந்தனர். சிதிலமடைந்த பள்ளிக் கட்டடங்களின் விவரங்களை அளிக்குமாறு கல்வித் துறைக்கு முன்னரே அறிவுறுத்தப்பட்டிருந்தது என்றும், அந்தப் பட்டியலில் இப்பள்ளி இடம்பெறவில்லை என்றும் மாவட்ட நிர்வாகம் அப்போது தெரிவித்தது.

எந்தப் பள்ளிக்குப் புதிய வகுப்பறை, எதற்குப் பழுதுபார்ப்பு, எது அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும் என்பதை இத்தகைய பட்டியல்களே முடிவு செய்கின்றன. நாடு முழுவதும் ஏறத்தாழ 14.71 லட்சம் பள்ளிகளில் 24 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் பயில்வதாக 2024-25 கல்வியாண்டின் தரவுகள் கூறுகின்றன. அரசுப் பள்ளிகள் அனைத்தையும் ஒரே ஆண்டில் சீரமைக்கும் அளவுக்கு எந்த மாநிலத்திடமும் நிதி இல்லை. எனவே வரிசைப்படுத்துதல் தவிர்க்க இயலாததாகிறது. அந்த வரிசை எவ்வாறு உருவாகிறது?

தலைமை ஆசிரியர் நிரப்பும் படிவம்

பட்டியலின் முதல் வரி பள்ளியிலேயே எழுதப்படுகிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் 'யு-டைஸ் பிளஸ்' தரவுத்தளத்துக்காக ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் விவரங்களைப் பதிவு செய்கிறது. வகுப்பறைகள் எத்தனை, அவற்றில் நல்ல நிலையில் உள்ளவை எத்தனை, சிறு பழுது உள்ளவை எத்தனை, பெரும் பழுது உள்ளவை எத்தனை என்பது அதில் தனித்தனியே கேட்கப்படுகிறது. கழிப்பறை, குடிநீர், மின் இணைப்பு, சுற்றுச்சுவர், சாய்தளம் ஆகியவையும் இடம்பெறுகின்றன.

இதனுடன், கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவின்படி, பள்ளி மேலாண்மைக் குழு ஒரு பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும். இக்குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர்களாக இருக்க வேண்டும் என்பது சட்ட விதி.

சிக்கலும் இங்கேயே தொடங்குகிறது. சிறு பழுதுக்கும் பெரும் பழுதுக்கும் இடையிலான கோட்டை முதலில் வரைபவர் பொறியாளர் அல்லர், தலைமை ஆசிரியர். சுவரில் தெரியும் விரிசல் வெறும் பூச்சு விரிசலா, கூரைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்ததன் அறிகுறியா என்பதைப் பார்த்த அளவில் அவரால் சொல்ல இயலாது. அவர் 'சிறு பழுது' என்று குறித்தால், அந்தக் கட்டடம் பட்டியலின் கீழ்ப்பகுதிக்குச் சென்றுவிடும்.

மாவட்டத்தில் நடப்பது என்ன?

பள்ளிகளின் கோரிக்கைகள் வட்டார அலுவலகம் வழியாக மாவட்டத் திட்ட அலுவலகத்தை அடைகின்றன. அங்கு அவை பொதுவாக மூன்று வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியவை முதல் வகை. மேற்கூரை, தூண், சுவர் ஆகியவற்றில் பெரும் பழுது உள்ளவை இரண்டாம் வகை. கழிப்பறை, சுற்றுச்சுவர், கூடுதல் வகுப்பறை போன்ற பற்றாக்குறைகள் மூன்றாம் வகை.

பற்றாக்குறையைக் கணக்கிடுவது எளிது. ஓர் ஆசிரியருக்குக் குறைந்தது ஒரு வகுப்பறை, மாணவர்களுக்கும் மாணவியருக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், மதிய உணவு சமைக்கும் இடம், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி ஆகியவற்றைக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை வரையறுத்துள்ளது. இருப்பதை அட்டவணையுடன் ஒப்பிட்டால் குறை தெரிந்துவிடும். ஆனால், கட்டடத்தின் வலிமையைப் பொறியாளர் நேரில் ஆய்வு செய்தே அறிய முடியும். பல பள்ளிகளைப் பார்க்க வேண்டிய பொறியாளர்கள் சிலரே என்பதால், எளிதில் எண்ணக்கூடிய குறைகள் பட்டியலில் முன்னே வருவதும், ஆய்வு தேவைப்படும் ஆபத்துகள் பின்தங்குவதும் நேர்கிறது.

மாவட்டங்களின் திட்டங்கள் மாநில அளவில் தொகுக்கப்பட்டு, ஆண்டுப் பணித் திட்டமாக மத்திய அரசுக்கு அனுப்பப்படுகின்றன. மத்திய பள்ளிக் கல்வித் துறைச் செயலர் தலைமையிலான திட்ட ஒப்புதல் வாரியம் அதைப் பரிசீலித்து, எந்தப் பணிக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்கிறது. மாவட்டம் கேட்டது முழுவதும் கிடைப்பதில்லை. அதனால் பட்டியலின் வரிசை எண் முக்கியத்துவம் பெறுகிறது.

நிதி எங்கிருந்து வருகிறது?

2018-இல் தொடங்கப்பட்ட 'சமக்ர சிக்ஷா' திட்டத்தின் செலவைப் பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்திலும், வடகிழக்கு மற்றும் இமயமலை மாநிலங்களில் 90:10 என்ற விகிதத்திலும் ஏற்கின்றன. மாநில அரசின் சொந்த நிதி, ஊராட்சி நிதி, நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆகியவையும் பள்ளிக் கட்டடங்களுக்குப் பயன்படுகின்றன. ஒவ்வொரு நிதிக்கும் முடிவெடுப்பவர் வேறு என்பதால், ஒரே மாவட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முன்னுரிமை வரிசைகள் இருப்பதுண்டு.

அன்றாடப் பராமரிப்புக்குக் கிடைப்பது, மாணவர் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட கூட்டுப் பள்ளி மானியம். 30 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.10,000, 31 முதல் 100 வரை ரூ.25,000; 101 முதல் 250 வரை ரூ.50,000, 251 முதல் 1,000 வரை ரூ.75,000, அதற்கு மேல் ரூ.1 லட்சம். மின் கட்டணம், கற்பித்தல் பொருட்கள், தூய்மைப் பணி, சிறு பழுது அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். பழைய கட்டடத்தில் 25 மாணவர்களுடன் இயங்கும் கிராமப் பள்ளி, 10,000 ரூபாயில் ஒழுகும் கூரையைச் சரிசெய்வது கடினம். கூரையின் வயது இந்தக் கணக்கில் சேர்வதில்லை.

மாநிலத்துக்கு மாநிலம் மாறும் அளவுகோல்

தெலங்கானா 2022-இல் தொடங்கிய 'மன ஊரு - மன படி' திட்டத்தில் 26,065 பள்ளிகளை மேம்படுத்த முடிவு செய்யப்பட்டது. முதல் கட்டத்துக்கு, மாணவர் சேர்க்கை அதிகமுள்ள 9,123 பள்ளிகள் தேர்வாயின. குறைந்த பள்ளிகளில் செலவிட்டு அதிக மாணவர்களுக்குப் பயன் சேர்ப்பது இதன் தர்க்கம்.

ஆந்திரப் பிரதேசத்தில் 2019-இல் தொடங்கிய 'மன படி நாடு-நேடு' திட்டத்தின் முதல் கட்டத்தில் 15,715 பள்ளிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. பணிகளை நிறைவேற்றும் பொறுப்பு பெற்றோர் குழுக்களிடம் அளிக்கப்பட்டது. உத்தரப் பிரதேசம் 'ஆபரேஷன் காயாகல்ப்' திட்டத்தில் 19 அடிப்படை வசதிகளை வரையறுத்து, ஒவ்வொரு பள்ளியிலும் எவை இல்லையோ அவற்றை நிரப்பும் முறையைப் பின்பற்றியது. கேரளத்தில் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஒரு பள்ளி, 5 கோடி ரூபாய் செலவில் மேம்படுத்தத் தேர்வு செய்யப்பட்டது.

மத்திய அரசு 2022-இல் ஒப்புதல் அளித்த 'பிஎம் ஸ்ரீ' திட்டத்தின் நோக்கம் வேறு. 14,500 பள்ளிகளை முன்மாதிரிகளாக்க விரும்பும் இத்திட்டத்தில், நல்ல நிலையில் உள்ள சொந்தக் கட்டடம் விண்ணப்பிப்பதற்கான அடிப்படைத் தகுதிகளில் ஒன்று. எனவே, இடியும் நிலையில் உள்ள பள்ளி இதில் போட்டியிடவே இயலாது.

எண்ணிக்கையா, ஆபத்தா?

இந்த அளவுகோல்கள் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. ஆயினும், சேர்க்கை, தொகுதி, வசதிக் குறை, முன்மாதிரி ஆகிய எதுவும் கட்டடம் விழுமா என்ற கேள்விக்கு நேரடியாக விடையளிப்பதில்லை. சேர்க்கை குறைந்து வரும் சிறு பள்ளி விரைவில் வேறு பள்ளியுடன் இணைக்கப்படலாம் என்றால், அதற்குச் செலவிட அலுவலர்கள் தயங்குவது இயல்பு. ஆனால், இணைப்பு நடக்கும் நாள் வரை குழந்தைகள் அதே கூரையின் கீழ்தான் அமர்கின்றனர். ஆகவே, ஆபத்தான கட்டடங்களை மற்ற கோரிக்கைகளுடன் ஒரே வரிசையில் போட்டியிட வைக்காமல், முதலில் தனியே பிரித்து, மாணவர்களை உடனே வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, அதன் பின்னரே மற்ற பள்ளிகளைச் சேர்க்கையின்படியோ குறைகளின்படியோ வரிசைப்படுத்துவது பொருத்தமான முறையாகும்.

இது சட்டக் கடமையும்கூட. தமிழகத்தின் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆம் தேதி நேரிட்ட பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்ததைத் தொடர்ந்து தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. ஜாலாவார் விபத்துக்கு மறுநாள், பள்ளிகளில் பாதுகாப்புத் தணிக்கையைக் கட்டாயம் நடத்துமாறும், ஆபத்தான நிலையை 24 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிக்குமாறும் மாநிலங்களுக்கு மத்திய கல்வி அமைச்சகம் அறிவுறுத்தியது.

பெற்றோர் செய்யக்கூடியது

தங்கள் பள்ளியின் வகுப்பறைகள் எந்த நிலையில் பதிவாகியுள்ளன என்பதை யு-டைஸ் பிளஸ் தளத்தின் பள்ளி அறிக்கை அட்டையில் எவரும் பார்க்கலாம். கண்ணெதிரே உள்ள நிலையும் பதிவும் வேறுபட்டால், அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுப்பி, தீர்மானமாகப் பதிவு செய்து, பொறியாளர் ஆய்வைக் கோரலாம். மாவட்ட முன்னுரிமைப் பட்டியலின் நகலையும், பள்ளி எத்தனையாவது இடத்தில் உள்ளது என்ற விவரத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். பட்டியலில் பெயரே இல்லாத பள்ளிக்கு எந்தத் திட்டத்தின் நிதியும் சென்று சேராது.