எரியவும் அணையவும் அறிந்த காவல்

காலில் தைத்த முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு நடந்துவிடுகிறோம். இரண்டு நாள் வலி, சிறு வீக்கம், ஒரு துளி சீழ். பிறகு அந்த இடமே மறந்துபோகிறது. ஆறிவிட்டது என்கிறோம். ஆற்றியது யார் என்று நாம் கேட்பதே இல்லை.

முள்ளோடு பாக்டீரியாக்களும் உள்ளே இறங்கின. இடமும் உணவும் கிடைத்துவிட்டால் ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பல்கிப் பெருகும் உயிர்கள் அவை. அதற்குள் காயம்பட்ட திசு ரசாயனங்களால் அபயக்குரல் எழுப்பிவிடுகிறது. அருகிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிகின்றன. அவற்றின் உட்சுவர் பசைகொள்கிறது. ரத்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணு அந்தச் சுவரைத் தொட்டு, உருண்டு, வேகம் தணிந்து, இறுகப் பற்றி நிற்கிறது. பின் தன்னைத்தானே ஒடுக்கிக்கொண்டு சுவரின் இடுக்கு வழியே வெளியேறுகிறது. கண்ணில்லை, காதில்லை. பாக்டீரியாவும் காயம்பட்ட திசுவும் உதிர்க்கும் மூலக்கூறுகளின் தடமே அதற்கு வழிகாட்டி.

1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் ஒரு நட்சத்திர மீன் லார்வாவின் ஒளி ஊடுருவும் உடலுக்குள் ரோஜா முள்ளைச் செருகிப் பார்த்தார் விஞ்ஞானி இலியா மெச்னிகாஃப். மறுநாள் காலை, அலையும் செல்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து நின்றன. விழுங்கிக் காக்கும் செல்களின் பெருமையை உலகுக்கு உணர்த்திய அவருக்கு 1908-இல் நோபல் பரிசு வந்தது. அந்தக் கடல்வாழ் சிற்றுயிருக்கும் நமக்கும் ஒரே வகைக் காவலை வைத்திருக்கிறது படைப்பு!

பாக்டீரியாவை நெருங்கிய நியூட்ரோபில் அதைத் தன் சவ்வால் அணைத்து உள்ளிழுக்கிறது. குடிநீரில் குளோரின் கலக்கும்போது கிருமிகளைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். அதே அமிலத்தை, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் இந்த அணு தனக்குள் உண்டாக்கி, விழுங்கிய பாக்டீரியாவின் மேல் பொழிகிறது. எலும்பு மஜ்ஜை இத்தகைய அணுக்களை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி பெற்றுத் தருகிறது. ஆயுளோ மணிக்கணக்கிலோ சில நாட்களிலோ முடிந்துவிடும். நாம் முகம் சுளித்துத் துடைத்தெறியும் சீழில் பெரும்பகுதி, நமக்காக மாண்ட இந்த அணுக்கள்தாம்.

இவற்றின் வலிமையைக் காட்டிலும் வியப்பூட்டுவது இவற்றின் அடக்கம். பாக்டீரியாவைக் கொல்லும் நஞ்சு, வெளியே சிந்தினால் நம் திசுவையும் எரித்துவிடும். அதனால்தான் வேலை முடிந்த நியூட்ரோபில் வெடித்துச் சிதறாமல், ஒழுங்காகத் தன்னை முடித்துக்கொள்கிறது. மேக்ரோபேஜ் என்னும் பெரிய விழுங்கு செல் வந்து அதன் உடலை அப்புறப்படுத்துகிறது. அப்படி அப்புறப்படுத்துவதே, வீக்கம் வடியட்டும், திசு வளரட்டும் என்னும் கட்டளையாகிறது. இந்த எதிர்ப்பு அளவிழந்து உடலெங்கும் பரவினால், செப்சிஸ் என்னும் அந்த நிலையில் காக்க எழுந்த சக்தியே உறுப்புகளைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. எரிய வேண்டிய நேரத்தில் எரிந்து, அணைய வேண்டிய நேரத்தில் அணைவதில்தான் நம் உயிர் நிற்கிறது.

தீமையைக் கண்டு நமக்கும் சினம் எழுகிறது, எழத்தான் வேண்டும். ஆனால் தீமை அகன்ற பின்னும் எத்தனை ஆண்டுகள் அந்தச் சினத்தைச் சுமந்து, அருகிலிருப்பவரையும் சுட்டுக்கொண்டிருக்கிறோம்! எதிர்க்கத் தெரிந்த நமக்கு ஓயத் தெரிவதில்லை. அந்தப் பாடத்தை நம் குருதியே ஒவ்வொரு நாளும் நடத்திக் காட்டுகிறது. பணிந்து கற்பது ஒன்றே நாம் அதற்குச் செய்யும் கைம்மாறு.