முகத்தில் ஏன் இந்தப் பரு?

ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ படிக்கும் உங்களில் பலருக்கு இப்போது கண்ணாடியோடு ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கும். நேற்றுவரை வழவழப்பாக இருந்த நெற்றியில் சிவப்பாக ஒன்று, மூக்கோரத்தில் இன்னொன்று. பாட்டி 'உடம்புச் சூடு' என்பார். பக்கத்து வீட்டு அக்கா 'முகத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவு' என்பார். வகுப்பில் கேலி வேறு.

முதலில் சூட்டை எடுத்துக்கொள்வோம். உடல் வெப்பம் என்பது அளந்து பார்க்கக்கூடிய ஒன்றுதானே? முகம் நிறையப் பரு உள்ள ஒருவரின் நாவடியில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். மற்றவர்களுக்குக் காட்டுவது போலவே 37 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் காட்டும். ஆகவே காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

நம் தோலில் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் இவை பெரியவை. பருவ வயதில் ஆண், பெண் இருபாலாருக்கும் உடலில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் மிகுகிறது. அதன் தூண்டுதலால் சுரப்பிகள் பருத்து, எண்ணெயை அதிகமாகச் சுரக்கின்றன. அதே சமயம் மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. துளை அடைபடுகிறது. அடைப்பின் வாய் மூடியிருந்தால் வெண்புள்ளி, திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கறுப்பு அழுக்கன்று. தோலின் நிறமியான மெலனினும், காற்றுப் பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைந்த பொருள்களுமே அந்த நிறத்தைத் தருகின்றன. பீர்க்கங்காய் நாரால் எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது; தோல்தான் புண்ணாகும்.

எல்லோருடைய தோலிலும் வாழும் பாக்டீரியா ஒன்று உண்டு. கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்பது அதன் பெயர். ஆக்ஸிஜன் குறைந்த இடமே அதற்குப் பிடிக்கும். அடைபட்ட துளைக்குள் அது பெருகும்போது உடலின் பாதுகாப்புப் படை அங்கே விரைகிறது. சிவப்பும் வீக்கமும் சீழும் அந்தப் போரின் அடையாளங்கள்.

பருவைக் கண்டதும் இரு விரல்களும் தாமாகவே அதை நசுக்கப் போகும். நீர்ம அழுத்தி பற்றிய பாடத்தில் பாஸ்கல் விதியைப் படித்திருப்பீர்கள். அடைபட்ட திரவத்தின் மேல் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் பரவும். பருவுக்குள் இருப்பது முழுத் திரவமன்று, குழம்பு போன்றது. ஆனாலும் கதை ஏறக்குறைய அதுதான். வெளிவாய் அடைபட்டிருக்க, உட்பக்கச் சுவர் மெலிந்திருக்கிறது. நசுக்கினால் அது கிழிந்து, உள்ளிருப்பது தோலின் ஆழத்தில் பரவும். வீக்கம் பெருகும், தழும்பும் நிலைத்துவிடலாம்.

உணவைப் பற்றிக் கேட்பீர்கள். 1969இல் அமெரிக்காவில் 65 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். நான்கு வாரம் சாக்லேட், நான்கு வாரம் சாக்லேட் கலக்காத ஒரு மிட்டாய்க் கட்டி. பருவில் வேறுபாடு தெரியவில்லை. 'உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை' என்று பல ஆண்டுகள் இதைச் சொல்லி வந்தார்கள். சோதனையில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்! ஒப்பிடக் கொடுத்த அந்தக் கட்டியிலும் சர்க்கரையும் கொழுப்பும் கிட்டத்தட்ட அதே அளவு இருந்தன. பிறகு 2007இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். இரத்தத்தில் சர்க்கரையை விரைவாக ஏற்றாத உணவை உண்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்திருந்தது. சிறிய சோதனைதான். அதற்காகச் சோற்றை விட வேண்டாம். இனிப்புப் பானங்களைக் குறைத்துக்கொள்வதில் நட்டமில்லை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? மென்மையான சோப்பால் நாளுக்கு இருமுறை முகம் கழுவினால் போதும். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் துளைகளை அடைக்கும். எலுமிச்சைச் சாறு வேண்டாம். அதன் பி.எச். மதிப்பு சுமார் 2. தோலின் மேற்பரப்புக்கோ சுமார் 5. மூன்றுதானே வித்தியாசம் என்று எண்ணிவிடாதீர்கள். பி.எச். மடக்கை அளவு, மூன்று படி என்றால் ஆயிரம் மடங்கு அமிலத்தன்மை!

மருந்துகளில் பென்சாயில் பெராக்சைடு நல்லது. ஆக்ஸிஜனை வெளியிட்டு அந்தப் பாக்டீரியாவைக் கொல்கிறது. 2.5 சதவீதக் களிம்பே போதும். 10 சதவீதத்தில் எரிச்சல்தான் மிகுதி. ஒருநாள் விட்டு ஒருநாள், இரவில், மெல்லிய பூச்சாகத் தொடங்குங்கள். பருவின் மேல் மட்டும் தொட்டு வைப்பதில் பயனில்லை. இன்று தெரியும் பரு பல வாரங்களுக்கு முன்பே உள்ளே உருவாகத் தொடங்கிவிட்டது; நாளைய பரு இப்போது கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் இருக்கிறது. எனவே பரு வரும் பகுதி முழுவதும் பூச வேண்டும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். தலையணை உறையும் துண்டும் வெளுத்துப்போகும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஸ்டீராய்டு கலந்த 'சிவப்பழகு' களிம்புகளைத் தொடவே வேண்டாம். முதலில் சிவப்பு அடங்கும். நிறுத்தியதும் பரு முன்னைவிட அதிகமாகக் கிளம்பும், தோலும் மெலியும். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் இத்தகைய களிம்புகள் பலவற்றை 2018இல் இந்திய அரசு சேர்த்தது.

கட்டி கட்டியாக ஆழத்தில் வலித்தாலோ, தழும்பு விழத் தொடங்கினாலோ, பன்னிரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கற்று, முகத்தில் முடியும் வளர்ந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பருவுக்கு வெட்கப்பட்டுப் பள்ளிக்குப் போகவே மனமில்லை என்றால், அதுவும் மருத்துவரிடம் போகப் போதுமான காரணம்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.