சுங்கானும் மதிப்புப் பெறாத புகையிலைகளும்

தமிழ் படிப்பிக்கும் பண்டிதர் ஒருவர் புகையிலையைப் பற்றி எழுதப் புகுந்தது ஏனோ என்று அன்பர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று கூறுவேன். சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக விடுத்தார். அச்சிறு பிரபந்தத்தை அச்சேற்றி நமக்குத் தந்தவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். புலவர் பாடவும் ஐயர் பதிப்பிக்கவும் தகுந்த பொருள், இப்பக்கத்திலே இரண்டு பத்திக்கு இடம்பெறத் தகாதது ஆகிவிடுமா?

எனினும் முதலிலே ஓர் எச்சரிக்கை. புகையிலை நல்லது என்று நிறுவ நான் வரவில்லை. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604ஆம் ஆண்டிலேயே அதனைக் கண்டித்து ஒரு நூல் எழுதி வெளியிட்டார். மன்னர் வெறுப்பினாற் சொன்னதை மருத்துவர் பிற்காலத்திலே சான்றோடு சொன்னார்கள். சுங்கான் பிடிப்போர் புகையை நெஞ்சினுள் இழுப்பதில்லை, ஆதலின் தீங்கில்லை என்று ஒரு நியாயம் பேசுவர். அது போலி நியாயம். வாயும் நாவும் தொண்டையும் அப்புகைக்கு இலக்காகின்றன. புற்றுநோய் அவ்வழியாலும் வரும். நம் நாட்டிலே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தையும், 21 வயதுக்கு உட்பட்டோருக்கு அதனை விற்பதையும் தடுத்திருக்கின்றது. மாணவர்கள் இக்கட்டுரையைப் படிக்கலாம்; பேணியைத் திறத்தல் வேண்டா. முன்னரே சுங்கான் பிடித்துப் பழகி, ஒரே பேணியைக் கட்டிக்கொண்டு காலங் கழித்துவிட்ட முதியோர்க்கே இதிலுள்ள பரிந்துரை. மற்றையோர்க்கு இதில் வேறொரு செய்தி உண்டு. அதற்குப் பின்னர் வருவேன்.

என் தந்தையார் தோட்டக்காரர். எங்கள் குடும்பத்துக்குக் காசு காட்டிய பயிர் புகையிலை ஒன்றே. தறையைப் பண்படுத்திக் குழை தாழ்த்து, எருவிட்டு, கன்று நட்டு, பட்டம் தவறாமல் இறைத்து, நுனி முறித்து, கெட்டு முறித்து, பிள்ளையை வளர்ப்பது போல அதனை வளர்ப்பார். இலை முற்றியதும் வெட்டி வாட்டிக் குடிலிலே தூக்குவார்கள். பின்னர் தேங்காய்ப் பொச்சும் பனை ஊமலும் இட்டு மூட்டி, தீ எழாமற் புகை மாத்திரம் எழும்படி காத்திருப்பார்கள். அந்தக் காவல் இரவிலும் நடக்கும். குடிலுக்கும் வீட்டுக்கும் இடையிலே ஒரு கிடுகு வேலிதான். என் பள்ளிக்கூடச் சட்டையிலே அந்த மணம் ஏறி இறங்காது நின்றது. வகுப்பிலே என்னைக் கண்டதும், "குடில் வருகுது" என்று மூக்கைப் பிடிப்பவர்கள் இருந்தார்கள். ஒருநாள் அழுதுகொண்டு வந்து தந்தையாரிடம் முறையிட்டேன். அவர் அடுப்பைப் பார்த்தபடியே, "தம்பி, உன்ரை புத்தகக் காசு இந்தப் புகைக்குள்ளைதான் கிடக்குது" என்றார். அன்று எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை. சட்டையைக் கிணற்றடியில் இரண்டாம் முறையும் தோய்த்தேன்.

காலம் கடந்தது. நான் ஆசிரியனானேன். 2002ஆம் ஆண்டு கண்டி வீதி திறக்கப்பட்ட பின்னர், ஆங்கிலம் படிப்பித்து இளைப்பாறிய பெரியவர் ஒருவருக்கு இலண்டனிலுள்ள மகன் பொதி ஒன்று அனுப்பியிருந்தான். மாலை வேளையிலே அவர் வீட்டு விறாந்தையில் இருந்தோம். அவர் தட்டையான தகரப் பேணி ஒன்றைத் திறந்து என் முன்னே நீட்டினார்.

"பண்டிதர், இதை ஒருக்கால் மணந்து பாரும். சீமையிலே கனவான்கள் தேடிப் பிடிக்கிற கலவை" என்றார்.

மணந்தேன். என் தந்தையாரின் குடில் கண்முன் நின்றது.

அவர் விளக்கினார். அந்தக் கலவைக்கு உயிர் கொடுக்கும் இலை லற்றாக்கியா. அப்பெயர் சிரியா நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயர். கீழைத்தேசத்துச் சிற்றிலைப் புகையிலையை நறுமண விறகுகளின் புகையிலே நெடுநாள் ஊட்டிக் கருக்குவதே அதன் மருமம். பின்னாளிலே சைப்பிரசுத் தீவு அதற்குப் பேர்போனது. விளைந்தது கீழ்த்திசை, புகையூட்டியவர் கீழ்த்திசையார், பெயரோ 'ஆங்கிலக் கலவை'! எங்கள் ஊர்ப் பொச்சுப் புகை ஏறிய சட்டைக்கு மூக்கைப் பிடித்தார்கள். சிரியா நாட்டு விறகுப் புகை ஏறிய இலைக்குப் பேணியும் பெருவிலையும் கிடைத்தன. இரண்டும் ஒன்றென்று சொல்லேன். இலை வேறு, விறகு வேறு, மண் வேறு. கைத்தொழில் ஒன்றே.

அன்று தொடங்கிப் பதினேழு ஆண்டு நானும் சுங்கான் பிடித்தேன். பெரியவர் தரும் பேணிகளில் எல்லாரும் புகழ்வனவற்றை அவரிடமே விட்டு, ஒதுக்கப்பட்டனவற்றை நான் எடுத்துக்கொண்டேன். அவற்றுட் சிலவற்றை இங்கே சொல்லுகிறேன்.

முதலாவது, பேர்லி இலையாலான எளிய கலவைகள். 1864ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே நாற்றுமேடை ஒன்றில் வெளிறிய கன்றுகள் தோன்றின. நோய்க்கன்று என்று எறியப்படத்தக்க அவற்றிலிருந்தே வெள்ளைப் பேர்லி இனம் பெருகியது. அதனைக் காற்றிலே மெல்ல உலர்த்துவர். அப்பொழுது இலையிலுள்ள சீனி கழிந்துபோகும். எஞ்சுவது பருப்பும் கொக்கோவும் போன்ற அடக்கமான சுவை. நுண்துளை மிக்க இலையாதலால் ஊட்டும் பாகை நன்றாக உறிஞ்சும். நம் சுருட்டுக் கொட்டில்களிலே கோடா ஊட்டுவதை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று. ஒருவர் பத்திரிகை வாசிக்க, மற்றவர் கேட்டபடி சுருட்டும் அக்கொட்டில்களிலே, எந்த இலை பாகைக் குடிக்கும், எது குடிக்காது என்பதைத் தொட்டே சொல்லுவார்கள். றெயினோல்ட்ஸ் நிறுவனத்தார் 1907இல் வெளியிட்ட 'பிறின்ஸ் அல்பேட்' இவ்வினத்துக்குத் தக்க எடுத்துக்காட்டு. ஊர்க்கடையிலே மலிவாக விற்றது என்பதே அதன்மேற் சுமத்தப்பட்ட குற்றம். குடும்பப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட தாலாட்டைப் போல, அது உரத்துப் பேசாது, களைப்பை அறியும்.

இரண்டாவது, வேறெதுவுங் கலவாத வேர்ஜீனியா இலை. இதனை நாவைக் கடிக்கும் இலை என்று பழிப்பர். குற்றம் பெரும்பாலும் புகைப்பவருடையது. இவ்விலையை வெப்பத்தால் விரைந்து பதப்படுத்துவதனாற் சீனி இலையிலேயே தங்கிவிடுகின்றது. அவசரமாக இழுத்தால் அது கொதித்து நாவைச் சுடும். கப்ஸ்ரன் என்ற பெயரை நம் முதியோர் சிகரெட்டுப் பெட்டியிலே கண்டிருப்பர். பிறிஸ்ரல் நகரத்து வில்ஸ் நிறுவனத்தாரின் அப்பெயரிலே அமுக்கி அரிந்த சுங்கான் புகையிலையும் வந்தது. அந்தத் தகட்டை உதிர்த்து, கடதாசியிலே அரைமணி நேரம் உலரவிட்டு, நினைத்து நினைத்து இழுத்தால் வைக்கோலும் தேனும் கலந்தாற்போல ஒரு மணம் வரும்.

இப்பொன்னிற இலையின் பிறப்புக் கதை நினைக்கத்தக்கது. 1839ஆம் ஆண்டு வட கரோலினாவின் கஸ்வெல் என்ற பகுதியிலே ஸ்ரீபன் ஸ்லேட் என்னும் அடிமைத் தொழிலாளர் உலர்த்தும் கொட்டிலைக் காவல் செய்துகொண்டிருந்தார். கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது தணல் அவிந்துகொண்டிருக்கக் கண்டு, கொல்லன் உலைக்கரியை அள்ளிப் போட்டாராம். திடீரென எழுந்த வெப்பத்திலே இலை பொன்னாக மாறியது என்பர். பொருள் திரண்டது பிறருக்கு. என் தந்தையார் குடிலடியில் கண்விழித்திருந்த இரவுகளை எண்ணும்போதெல்லாம் ஸ்ரீபன் ஸ்லேட்டும் என் நினைவில் வருவார்.

மூன்றாவது, கென்ரக்கி, ரெனசி மாநிலங்களிலே வன்மரத் தீயின் புகையிற் பதஞ்செய்யும் கரிய இலை. இதுவும் நம் குடிலுக்கு உறவே. பிரித்தானியப் பழங் கலவைகளுள் லிவர்பூல் ஓக்டன் நிறுவனத்தாரின் 'சென் புறூணோ' என்பதிலே வேர்ஜீனியாவோடு இவ்விலை கலந்திருக்கும். பாட்டாளிகளின் புகையிலை என்று கனவான்கள் இதனை எடுக்கக் கூசினார்கள். லற்றாக்கியாவுக்குத் தலைவணங்கியவர் இதற்கு முகஞ்சுளித்தது எனக்கு இன்றும் விளங்கவில்லை. வன்மை மிக்கது, வெறுவயிற்றிலே தலை சுற்றும்.

நான்காவது, பெரீக். இது தனியே பிடிக்கும் இலையன்று. உணவிலே மிளகைப் போலச் சிறு பங்காகச் சேர்வது. லூசியானா மாநிலத்துச் சென் ஜேம்ஸ் என்னுஞ் சிறு பகுதிக்கே உரியது. அங்கே வாழ்ந்த சொக்ரோ, சிக்கசோ மக்களின் முறையைப் பார்த்துப் பியர் செனே என்ற உழவர் 1824ஆம் ஆண்டளவில் அதனை வளர்த்தெடுத்தார் என்பர். இலைகளை மரப்பீப்பாயில் இட்டு, திருகாணியால் அமுக்கி, தன் சாற்றிலேயே ஓராண்டுக்கு மேற் புளிக்க வைப்பார்கள். இடையிலே எடுத்துக் காற்றுக் காட்டி மீண்டும் அமுக்குவார்கள். வேர்ஜீனியாவின் இனிப்பையும் சூட்டையும் அடக்கி, உலர்ந்த கனியும் மிளகும் போன்ற சுவையைத் தருவது அதுவே. கிளாஸ்கோ நகரத்து 'திறீ நன்ஸ்' ஒருகாலத்தில் இவ்விலையாற் சிறந்தது. பிற்காலத்திலே பெரீக்கை நீக்கி வேறிலை சேர்த்தார்கள். பேணியின் பெயரோ மாறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே பெரீக் செய்யும் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாய்க் குறைந்திருந்தன. உலகெங்கும் பெயர்பெற்ற சுவையொன்று ஒருசிலர் கைகளிலே ஊசலாடியது.

இவற்றைச் சோதிக்கும் வகை எளிது. ஈரம் மிகுந்த இலையை உலர்த்துக. இறுக்கி அடையற்க. ஒரு கலவையை ஒருமுறை பிடித்துத் தீர்ப்புச் சொல்லற்க. செய்யுளை முதல் வாசிப்பிலே கடினம் என்று தள்ளும் மாணவனுக்கு நாம் என்ன சொல்லுகிறோமோ, அதனையே நமக்கும் சொல்லிக்கொள்ளல் தகும்.

2005இல் ஒருநாள் தந்தையாரின் குடிலிலிருந்து ஓர் இலையை எடுத்து, நரம்பு நீக்கி, மெல்லென அரிந்து, பேர்லியோடு ஒரு சிட்டிகை சேர்த்தேன். வன்மை மிகுதிதான், ஆயினும் பொச்சுப் புகையின் மணம் பேர்லியின் அடக்கத்திலே நன்றாக அமர்ந்தது. தந்தையார் முற்றத்திலே சுருட்டோடு இருந்தார். சுங்கானை வாங்கி இரண்டு முறை இழுத்தார். இருமினார். "எங்கடை இலைதான், கோட்டுச் சூட்டுப் போட்டிருக்குது" என்று திருப்பித் தந்தார். அதைவிடச் சிறந்த திறனாய்வை நான் கேட்டதில்லை.

அவ்விருமலும் இக்கட்டுரைக்கு உரியதே. அவர் நெஞ்சு நோயாற் காலமானார். 2019இல் என் கன்னத்தின் உட்புறத்திலே வெண்மறு ஒன்றைக் கண்ட மருத்துவர் கடுஞ்சொற் சொன்னார். அன்றே சுங்கானை வைத்துவிட்டேன். எனக்குச் சோறும் கல்வியும் தந்த இலை, பிறர்க்கும் எங்களுக்கும் என்ன தந்தது என்பதை நான் மறைப்பேனாயின், பண்டிதன் என்ற பெயருக்குத் தகேன்.

இப்பொழுது எங்கள் தறையிலே வெங்காயம் நிற்கின்றது. குடில் இல்லை. அதற்காகக் கண்ணீர் வடிக்கவில்லை. என் கவலை வேறு. லற்றாக்கியாவையும் பெரீக்கையும் பற்றிப் பிறர் எழுதினார்கள்; ஆதலின் நான் அறிந்தேன். பொச்சு எத்தனை, ஊமல் எத்தனை, எந்நேரம் மூட்டுவது, எந்நிறத்தில் நிறுத்துவது, கோடாவிலே எது முன் எது பின் என்பனவற்றை எங்கள் முதியோரிடம் யார் கேட்டு எழுதினோம்? தூது நூல் பாடிய மொழியிலே குடில் நூல் இல்லை. பயிர் ஒழியட்டும், அறிவும் சொற்களும் அதனோடு ஒழிய வேண்டியதில்லை.

சென்ற மாதம் மாணவன் ஒருவன் என் மேசையிலிருந்த வெறும் பேணியைத் திறந்தான். அதனுள்ளே தந்தையாரின் இலை ஒன்று மாத்திரம் இருந்தது. "ஐயா, இது என்ன மணம்?" என்றான். புகைக்காதே என்று முதலிற் சொன்னேன். பின்னர்க் கொப்பியை எடுக்கச் சொல்லி, 'குழை தாழ்த்தல்' என்ற சொல்லிலிருந்து தொடங்கினேன். அன்று பதினொரு சொற்கள் எழுதினோம். எஞ்சியவற்றைத் தன் பேரனாரிடம் கேட்டு வருவதாகச் சொல்லிச் சென்றான்.