கொதிநீர்க் குழாய் வாங்கலாமா?

நாகர்கோவில் பக்கம் புதுவீடு கட்டுகிறவர்கள், அதிலும் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், அடுக்களைக்குக் கொதிநீர்க் குழாய் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். திருகினால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் அதன் கணக்கைப் பார்த்துவிடலாம்.

1970-இல் நெதர்லாந்தில், யூனிலீவர் நிறுவனத்தில் உடனடி சூப் பற்றிய வேலையில் இருந்த ஹென்றி பெதெரிக்கு ஒரு யோசனை வந்தது: சூப் உடனடி என்றால் வெந்நீரும் உடனே வரவேண்டாமா? அதில் பிறந்ததுதான் குவூக்கர் குழாய். சிங்குக்கு அடியில் ஒரு சிறு கலன் இருக்கும். அதன் இரட்டைச் சுவருக்கு நடுவே, பிளாஸ்க்கில் இருப்பதுபோல், வெற்றிடம். உள்ளே தண்ணீர் அழுத்தத்தோடு 108 டிகிரிவரை சூடாகி நிற்கும். திறந்ததும் அழுத்தம் விட்டு, 100 டிகிரியில் கொதித்தபடி விழும். அந்தச் சூடு குறையாமலிருக்க 10 வாட் அளவு மின்சாரம் இரவும் பகலும் ஓடும்.

வெந்நீரைத் தயாராக வைத்திருப்பது நமக்குப் புதிதல்ல. பழைய சாயாக்கடை பாய்லரும் அதைத்தான் செய்தது. நடுவே கரி எரியும் குழல், சுற்றிலும் தண்ணீர், கீழே ஒரு திருகு. கடைக்கு அது கட்டுப்படியானது, ஆட்கள் ஓயாமல் வந்ததால். எடுக்க ஆளில்லாத வீட்டில் தேக்கி வைத்த சூடு வீண்தான்.

வீட்டில் யார் எடுப்பார்கள்? ஐரோப்பாவில் தேயிலைப் பையின்மேல் வெந்நீரை ஊற்றினால் தேநீர் ஆயிற்று. நமக்குப் பால் காயவேண்டும். சுக்குக் காப்பிக்குச் சுக்கும் மல்லியும் கருப்பட்டியோடு கொதித்து இறங்கவேண்டும். சீரக வெள்ளமும் கொதித்தால்தான் மணக்கும். எப்படியும் அடுப்பு பற்றவைக்கத்தான் வேண்டும். குழாய்க்கு மிஞ்சுவது கட்டன் சாயாவும் குடிக்கிற வெந்நீரும்தான்.

இனி காசு. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க நல்ல அடுப்பில் ஏறக்குறைய 10 கிராம் எரிவாயு போதும். தினம் 5 லிட்டர் கொதிக்கவைத்தால் வருடத்துக்கு 18 கிலோ, 14.2 கிலோ சிலிண்டர் கணக்கில் ஒன்றேகால். குழாய்க்கு மின்சாரம் இலவசமாகவே கிடைத்தாலும் மிச்சமாவது அவ்வளவுதான். குவூக்கரின் விலையோ பிரிட்டனில் 1,000 பவுண்டுக்கு மேல். சும்மா நிற்கும்போது அது இழுக்கும் மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்டுக்குள். அது பெரிய சுமையில்லை. போட்ட முதல்தான் திரும்பாது.

அடுத்தது தண்ணீர். இவ்வகைக் குழாய்கள் பலவும் 2 பார் அழுத்தம் கேட்கும். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீருக்கே ஒரு பார்தான். மாடித் தொட்டி சிங்குக்கு மேலே 5 மீட்டரில் இருந்தால் அரை பார். அழுத்த பம்பு தனியாக வாங்கவேண்டி வரும். முக்கடல் அணைத் தண்ணீர் வரும் வீட்டுக்கும், கடற்கரை ஊரின் போர்த் தண்ணீருக்கும் வித்தியாசம் உண்டு. உங்கள் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் கலனுக்குள்ளும் படியும். பழுது பார்க்கும் ஆள் பக்கத்தில் உண்டா என்பதையும் முன்பே விசாரியுங்கள். மின்சாரத்தை மட்டும் நம்பவும் முடியாது: 2017-இல் ஒக்கிப் புயலுக்குப் பின் மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத் தகுந்த வீடு உண்டு. கை நடுங்கும் பெரியவர் தனியாக இருக்கிறார், கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கி இறக்குவது அவருக்கு ஆபத்து என்றால், காசுக் கணக்கை ஓரமாக வையுங்கள். ஒரு தீக்காயத்தைத் தடுத்தாலே அது விலைக்குத் தகும். அழுத்தித் திருகினால் மட்டும் திறக்கும் பூட்டுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கன்னியாகுமரியில் விருந்தினர் வந்துபோகும் விடுதிக்கும் இந்தக் குழாய் பொருந்தும். ‘சுடுநீர்’ என்று விற்கும் எல்லா இயந்திரமும் 100 டிகிரி தராது. எத்தனை டிகிரி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற வீடுகளுக்கு, தானாக அணையும் மின்கெட்டில் ஒன்றும் நல்ல பிளாஸ்க் ஒன்றும் போதும். தேவையான அளவு மட்டும் கொதிக்கவைத்து, மிஞ்சியதை ஊற்றி மூடிவையுங்கள்.