22 கணக்குகள், 40 நிமிடம்: 'கேட்' தேர்வில் கலைப் பட்டதாரிகளின் தவிப்பு

புது தில்லி: தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தை ஒட்டிய கமலா நகர், விஜய் நகர் பகுதிகளின் வாடகை அறைகளில், மழைக்காலம் ஓயும் நேரத்தில் ஒரு விநோதத்தைக் காணலாம். வரலாறும் அரசியல் அறிவியலும் பயிலும் இறுதியாண்டு மாணவர்களின் மேசைகளில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூல்கள் மீண்டும் வந்து சேர்ந்திருக்கும். நவம்பர் இறுதியில் நடைபெறும் 'கேட்' பொது நுழைவுத் தேர்வே இதற்குக் காரணம்.

இந்திய மேலாண்மைக் கழகங்களில் (ஐஐஎம்) சேர இத்தேர்வை எழுத எந்தப் பட்டப்படிப்பும் போதும். பொதுப் பிரிவினர் 50 சதவீத மதிப்பெண் பெற்றிருந்தால் சரி. பள்ளியிலோ கல்லூரியிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் தேர்வின் மூன்று பகுதிகளில் ஒன்று முழுக்க முழுக்கக் கணிதத் திறனுக்கானது. அதற்கென அதிகாரப்பூர்வமான பாடத்திட்டம் எதுவும் வெளியிடப்படுவதில்லை.

கேள்விகள் என்னவோ பள்ளிக் கணிதத்தைத் தாண்டுவதில்லை. விகிதம், சதவீதம், வட்டி, வேலையும் காலமும், எளிய இயற்கணிதம், வடிவியல், எண்களின் பண்புகள் ஆகியவைதான். சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. 22 கேள்விகளுக்கு 40 நிமிடம். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை.

ஓர் எளிய உதாரணம்: ஒருவர் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஊருக்குச் சென்று, அதே வழியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறார். அவரது சராசரி வேகம் என்ன? பழக்கமில்லாதவர் 50 என்று சொல்லிவிடுவார். ஆனால் மெதுவாகச் சென்ற பயணத்துக்கே அதிக நேரம் பிடித்திருப்பதால், விடை 50-க்குக் குறைவாகத்தான் இருக்க முடியும். தரப்பட்ட விடைகள் 48, 50, 52, 54 என்றிருந்தால், பேனாவைத் தொடாமலேயே 48-ஐக் குறித்துவிடலாம். சூத்திரத்தை எழுதித் தீர்ப்பவருக்கும் அதே 3 மதிப்பெண்தான். அவர் இழந்தது ஒரு நிமிடம்.

2015-ஆம் ஆண்டு முதல் கணினித் திரையிலேயே கால்குலேட்டர் தரப்படுகிறது. அது பெரிதாகக் கைகொடுப்பதில்லை. 7-ஐ நூறு முறை பெருக்கினால் வரும் எண்ணின் கடைசி இரு இலக்கங்கள் எவை என்று கேட்டால் அந்தக் கருவி திணறிவிடும். நான்கு முறை பெருக்கினால் 2401 வருகிறது, 01-இல் முடியும் எண்ணை எத்தனை முறை பெருக்கினாலும் 01-இல்தான் முடியும் என்று கண்டுகொள்பவருக்கு அரை நிமிட வேலை.

ஊகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறானதற்கு 1 குறைப்பு. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையைத் தவறு என்று உறுதியாக ஒதுக்க முடிந்தால் கணக்கு தேர்வர் பக்கம் சாய்கிறது: மூன்று முறைக்கு 3 வரவு, 2 செலவு. விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு மதிப்பெண் குறைப்பே கிடையாது. ஆகவே எதைத் தீர்ப்பது, எதை ஊகிப்பது, எதை விட்டுச் செல்வது என்பதே உண்மையான தேர்வு. அண்மை ஆண்டுகளில் மொத்தமுள்ள 66 மதிப்பெண்ணில் ஏறத்தாழப் பாதி பெற்றவர்களே இப்பகுதியில் 99 பெர்சன்டைலை எட்டியிருக்கிறார்கள்.

இந்த விட்டுச் செல்லும் துணிவுதான் கலைப் பட்டதாரிகளுக்கு எளிதில் வருவதில்லை. பொறியியல் மாணவர் பிளஸ் 1 வகுப்பிலிருந்தே ஐஐடி நுழைவுத் தேர்வுக்காக இதே கடிகாரத்துடன் பழகியவர். பத்தாம் வகுப்போடு கணிதத்தைக் கைவிட்டவர் அந்த ஆறேழு ஆண்டுப் பழக்கத்தைச் சில மாதங்களில் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. தொடங்கிய கணக்கை முடிக்காமல் விடுவது தோல்வி என்றே பள்ளியில் அவருக்குக் கற்பிக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டில் தேர்வெழுதிய சுமார் 2.93 லட்சம் பேரில் 14 பேர் 100 பெர்சன்டைல் பெற்றனர். அவர்களில் 13 பேர் பொறியியல் படித்தவர்கள்.

ஐஐஎம்கள் இதை அறியாமலில்லை. பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் பெண்களுக்கும் அவற்றில் பல, மாணவர் தேர்வின்போது கூடுதல் மதிப்பெண் வழங்குகின்றன. கோழிக்கோடு ஐஐஎம்மில் 2013-இல் சேர்ந்த அணியில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்களாக இருந்தது அப்போது பெரிதும் பேசப்பட்டது. ஆயினும் இந்தச் சலுகை பொதுவாகப் பகுதிவாரியான குறைந்தபட்ச பெர்சன்டைலைத் தாண்டிய பிறகே பயன்படுகிறது. மொழிப் பகுதியில் முன்னணியில் நின்றாலும், கணிதத்தில் அந்த வரம்பைத் தொடாதவருக்கு நேர்காணல் அழைப்பு வருவதில்லை.

கொரோனா தொற்றை அடுத்து 2020-இல் தேர்வு நேரம் மூன்று மணியிலிருந்து இரண்டு மணியாகக் குறைக்கப்பட்டபோது கணிதம் சற்று எளிதாகும் என்று சிலர் நம்பினர். 2019 வரை 60 நிமிடத்தில் 34 கணக்குகள். 2021 முதல் 40 நிமிடத்தில் 22. ஒரு கணக்குக்கான நேரம் ஏறக்குறைய அதேதான். கணக்குகள் குறைந்துவிட்டதால் ஒவ்வொரு தவறின் எடையும் கூடிவிட்டது.

போதாக்குறைக்கு, மூன்று பகுதிகளில் கணிதமே கடைசியாக வருகிறது. 80 நிமிடம் மொழியோடும் தர்க்கப் புதிர்களோடும் மல்லுக்கட்டிய களைப்புடன்தான் முதல் கணக்கைத் திறக்க வேண்டும். முந்தைய பகுதிகளுக்குத் திரும்பிச் செல்ல வழியில்லை. 40-ஆவது நிமிடம் முடிந்ததும் திரை தானாகவே மூடிக்கொள்கிறது.