கவுன்சிலர் இல்லாத ஊரில் கூலிக்காரர் குரல்

பெங்களூருவின் வர்க்கப் பிரிவு ஊரின் அமைப்பிலேயே தெரியும். 1537இல் கெம்பே கவுடா எழுப்பிய பேட்டையில் நெசவாளரும் வணிகரும் வாழ்ந்தனர். 1809இல் ஆங்கிலேயப் படைக்காக அதற்குக் கிழக்கே கண்டோன்மென்ட் உருவானது. அங்கே அதிகாரிகளுக்குப் பங்களாக்கள். அவர்களிடம் வேலை செய்யத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்களுக்கு நெருக்கமான சந்துகள். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இன்றும் தமிழ் கேட்பதற்கு அந்த வரவே காரணம். 1949 வரை இரண்டு பகுதிகளுக்கும் ஒரே மாநகராட்சிகூடக் கிடையாது.

உழைப்பவர் வீட்டுப் பிள்ளை மேலே வர இந்த ஊரில் ஒரு வழி இருந்தது. எச்.ஏ.எல்., எச்.எம்.டி., பி.இ.எல். போன்ற பொதுத்துறை ஆலைகள்தான் அது. பள்ளிப் படிப்பும் தொழிற்பயிற்சியும் இருந்தால் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குப் பள்ளி. 1991க்குப் பின் ஆளெடுப்பு சுருங்கியது, எச்.எம்.டி. கைக்கடிகார ஆலைகளை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. புதிதாக வந்தவற்றில் மென்பொருள் வேலை பட்டமும் ஆங்கிலமும் கேட்டது. மற்றவை ஆயத்த ஆடை, காவல், வீட்டுவேலை, டெலிவரி. இவ்விரண்டுக்கும் நடுவில் ஏறிப் போகப் படி இல்லை.

அந்தப் படியைப் பள்ளியில் அமைக்க வந்தது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். தனியார் பள்ளிகள் கால்வாசி இடங்களை ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்றது. பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால் தர வேண்டியதில்லை என்று 2019 முதல் கர்நாடகம் விதியை மாற்றியது. பெங்களூரு போன்ற நகரத்தில் அப்படியொரு பள்ளி இல்லாத பகுதி அரிது. கதவு ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

வர்க்கம் அரசியலில் எப்படி வேலை செய்கிறது என்பதை 2016இன் இரு போராட்டங்கள் காட்டின. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி கட்டிய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருந்தது. ஆயத்த ஆடை ஆலையில் மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட்டில் தைக்கும் பெண்ணுக்கு அந்த பி.எஃப். பணம்தான் பள்ளிக் கட்டணம், மகள் கல்யாணம், கந்துவட்டிக் கடன் அடைப்பு எல்லாம். 58 வயதுவரை தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர் எத்தனை பேர்? ஏப்ரல் 18 அன்று சங்கம் எதுவும் அழைக்காமலே பல்லாயிரம் பேர் ஆலைகளை விட்டு ஓசூர் சாலைக்கு வந்தார்கள். மறுநாள் விதி திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் தடியடி, கண்ணீர்ப்புகை, கைது, வழக்கு.

அதே ஆண்டு அக்டோபரில், பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள்வரை கட்டவிருந்த எஃகு மேம்பாலத்தை எதிர்த்து நடுத்தர வர்க்கத்தினர் மனிதச் சங்கிலி அமைத்தனர். மரங்களைக் காக்க எழுந்த நியாயமான போராட்டம் அது, நீதிமன்றத்துக்கும் போனது. 2017 மார்ச்சில் திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள்மேல் தடி விழவில்லை.

வசதியுள்ளவருக்கு அரசை எட்டத் தேர்தல் தவிர வேறு வழிகளும் உண்டு. 1999இல் எஸ்.எம்.கிருஷ்ணா அரசு நகர மேம்பாட்டுக்கென அமைத்த பெங்களூர் அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸின் தலைவர் இன்ஃபோசிஸின் நந்தன் நிலேகனி. அதே நிலேகனி 2014இல் பெங்களூரு தெற்கில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் அனந்த்குமாரிடம் தோற்றார். குழுவில் கிடைக்கும் இடமும் வாக்குப்பெட்டி தரும் இடமும் வேறு வேறு.

குடிசைப் பகுதிக்காரருக்கு வாக்கும் தெருவும்தான் வழி. குழாயில் தண்ணீர் வராவிட்டால் டேங்கர் அனுப்பச் சொல்ல, சாக்கடை அடைத்தால் ஆள் வரவழைக்க, வீடுகளை இடிக்க வந்தால் குறுக்கே நிற்க, அவர் தேடிப் போகும் ஆள் வார்டு கவுன்சிலர். காலை ஆறு மணிக்கும் கவுன்சிலர் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம். 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடத்தப்படாமல் ஐந்து ஆண்டுகள் அதிகாரிகளே மாநகராட்சியை நிர்வகித்தார்கள். 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டபோதும் கவுன்சிலர்கள் இல்லை. சொந்த போர்வெல்லும் ஜெனரேட்டரும் வைத்திருக்கும் அடுக்குமாடிகளுக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. தையல் ஆலைப் பெண்ணோ சாக்கடை அடைப்பைச் சொல்ல அலுவலக நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டும். அன்றைய கூலி போய்விடும்.